அமிலத்தைப் பிடிக்க வேண்டும், வாயுவை விட வேண்டும்: படிக்கட்டின் கீழிருக்கும் சோலர் பற்றரிகள்

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதி, புதுச்செட்டித் தெரு, மேபீல்ட் வீதி ஆகியவற்றின் பின்பக்க ஒழுங்கைகளில் உள்ள பல வீடுகளில், படிக்கட்டின் கீழே, சப்பாத்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய பற்றரிகள் இருக்கும். அவற்றில் கணிசமானவை 2022இல் வந்தவை. அந்த வருடம் மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கையில் கொஞ்சம் காசு இருந்தவர்களும், வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தவர்களும், குளிர்சாதனப் பெட்டியை நம்பிக் கடை நடத்தியவர்களும் இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கினார்கள். 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தின்போதும் அதன் பின்னரும் கூரையில் பனல் போட்டிருந்தவர்கள், மின்வெட்டு வந்தால் தங்கள் சோலரும் நின்றுவிடும் என்பதை அப்போதுதான் உணர்ந்தார்கள். கம்பியில் வேலை செய்யும் மின்சார சபை ஊழியருக்கு மின்சாரம் தாக்காமலிருக்க, பற்றரியில்லாத சோலர் இணைப்பு தானாகவே நிற்கும்படிதான் அமைக்கப்படுகிறது. ஆகவே அவர்களிலும் பலர் பற்றரி சேர்த்தார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனபோது பற்றரியின் அருமை மறுபடியும் தெரிந்தது.

வீட்டு மின்னிணைப்பு, இன்வேர்ட்டர், சோலர் வேலை செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஈய அமில பற்றரி ஒன்று நம் ஊர் வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். 2022இல் வாங்கியவை அந்த வயதை எட்டிவிட்டன. வயதான பற்றரிதான் ஒழுகும். இப்போது எனக்கு வரும் அழைப்புகளில் ‘பற்றரிக்குக் கீழே ஈரமாக இருக்கிறது’ என்பது அடிக்கடி கேட்கும் வார்த்தையாகிவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது

வீடுகளில் அதிகம் காணப்படுவது 12 வோல்ட், 150 அம்பியர் மணி கொண்ட டியூபிளர் பற்றரி. நிறை ஏறத்தாழ 55 கிலோ. அதற்குள் ஏறத்தாழ 15 லீற்றர் நீர்த்த சல்பூரிக் அமிலம் இருக்கும். எடைக் கணக்கில் அதில் மூன்றிலொரு பங்கு சுத்தமான அமிலம். உள்ளே ஆறு அறைகள் தனித்தனியாக இருப்பதால் ஓரிடத்தில் வெடித்தால் பெரும்பாலும் ஓர் அறையின் அமிலம், அதாவது இரண்டரை லீற்றர் அளவு வெளியே வரும். விழுந்து உடைந்தால் எல்லாமே வரலாம்.

இந்த அமிலத்துக்கு ஒரு குணம் உண்டு. அதில் உள்ள தண்ணீர் மட்டுமே ஆவியாகும், அமிலம் எஞ்சி நிற்கும். வெயில் படும் இடத்திலும் குளிரூட்டிய அறையிலும் சிந்திய துளி நேரம் போகப் போகச் செறிவு கூடும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது உலராமல் நாட்கணக்கில் நனைந்தபடியே கிடக்கும். ‘காய்ந்துவிடும், விடுங்கள்’ என்று சொல்வது இதற்குப் பொருந்தாது. இரண்டு நாள் கழித்துத் தரையில் தவழும் பிள்ளையின் முழங்காலிலும், சாறன் நுனியிலும், வெறுங்காலிலும் அது வேலை காட்டும்.

சீமெந்துத் தரையிலும் அது சும்மா கிடப்பதில்லை. சீமெந்தில் உள்ள கல்சியத்துடன் சேர்ந்து ஜிப்சமாகி உப்பும். தரை பொருபொருத்துப் போகும். தரை ஓடு அமிலத்தைத் தாங்கும், ஆனால் ஓடுகளுக்கு இடையில் பூசிய சீமெந்து தாங்காது. அந்த இடைவெளி வழியாகக் கீழே இறங்கும். கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் உங்கள் தரை இன்னொருவரின் கூரை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் அமிலம் விடாது.

அலுமாரிக்குள் பூட்டுவது ஏன் தவறு

பிள்ளைகள் தொடக்கூடாது என்றோ, விருந்தாளி வந்தால் அழகாக இருக்க வேண்டும் என்றோ பற்றரியை மர அலுமாரிக்குள் வைத்துக் கதவைப் பூட்டுகிறார்கள். கீழே ஒன்றும் வைப்பதில்லை. சிலர் அலுமாரியின் அடியில் துளை போட்டு, ஒழுகினால் கானுக்குப் போகட்டும் என்று குழாயும் இணைத்திருக்கிறார்கள். அதாவது மேலே மூடி, கீழே திறந்து வைக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிரானது: கீழே ஒரு துளியும் வெளியே போகக்கூடாது, மேலே காற்று தடையில்லாமல் போக வேண்டும்.

காரணம் ஐதரசன். பற்றரி முழுதாக நிரம்பிய பின்னரும் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டிருந்தால் அது தண்ணீரைப் பிரித்து ஐதரசனும் ஒட்சிசனுமாக வெளிவிடும். மேலதிகமாக 10 அம்பியர் ஒரு மணித்தியாலம் போனால், 12 வோல்ட் பற்றரி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 25 லீற்றர் ஐதரசன் வரும். காற்றில் 4 வீதம் கலந்தாலே ஐதரசன் தீப்பற்றும். ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம், அரை மீற்றர் ஆழம் கொண்ட அலுமாரி 500 லீற்றர் கொள்ளும். அதில் 4 வீதம் என்பது 20 லீற்றர். இறுக மூடிய அலுமாரிக்குள் ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த அளவு சேர்ந்துவிடும் என்பதே இந்தக் கணக்கின் பொருள். தளர்ந்த வயரில் ஒரு பொறி போதும். பற்றரி வெடித்தால் சிதறுவது பிளாஸ்டிக் மட்டுமல்ல, அமிலமும்தான்.

எங்கள் பகுதியில் இன்னொரு கவலையும் சேர்கிறது. மாடியில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடங்களில் கீழே இறங்க ஒரேயொரு படிக்கட்டுத்தான் இருக்கும். பற்றரி அந்தப் படிக்கட்டின் கீழேதான் இருக்கும். அங்கே ஏதாவது நடந்தால், பற்றரிக்குச் சம்பந்தமில்லாத குடும்பங்கள் மேலே அகப்பட்டுக்கொள்ளும். வேறு இடம் இருந்தால் பற்றரியை முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள். மழையும் நேர் வெயிலும் படாத பால்கனி மூலை, பின்முற்றத்தின் கூரையுள்ள பகுதி போன்றவை நல்ல இடங்கள்.

கீழ்த்தட்டு எப்படி இருக்க வேண்டும்

பற்றரி அமிலம் சிந்தினால் பிடித்து வைப்பதற்கென்றே ஐ.இ.இ.இ. 1578 என்ற பரிந்துரை உண்டு. அமெரிக்கத் தீயணைப்புக் கோவைகளும் பெரிய பற்றரி அறைகளுக்கு விதி சொல்கின்றன. அவற்றின் சாரம் எளிது: இருப்பவற்றில் மிகப் பெரிய பற்றரி ஒன்று முழுதாக ஒழுகினாலும் அதைப் பிடிக்க இடம் வேண்டும், பிடித்ததை நடுநிலையாக்கப் பொருளும் வேண்டும். வீட்டுக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்.

தட்டு பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். புறக்கோட்டையில் வாங்கக்கூடிய தடித்த பிளாஸ்டிக் தொட்டி போதும், தரையில் சமமாக உட்கார்ந்தால் சரி. அலுமினியத் தட்டு கூடவே கூடாது. இரும்புத் தட்டுக்குப் பெயின்ற் அடித்திருந்தாலும் ஒரு கீறல் விழுந்ததும் அரிக்கத் தொடங்கும்.

அளவைக் கணக்கிடும்போது பலர் மறப்பது, தட்டுக்குள் பற்றரியே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை. 60 சென்ரிமீற்றர் நீளமும் 55 சென்ரிமீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தட்டு வெறுமையாக 49 லீற்றர் கொள்ளும். அதில் 50க்கு 19 சென்ரிமீற்றர் அடிப்பாகம் கொண்ட இரண்டு பற்றரிகளை வைத்தால் அவை 28 லீற்றர் இடத்தை எடுத்துவிடும். மிஞ்சுவது 21 லீற்றர். ஒரு பற்றரியின் 15 லீற்றருக்கு இது போதும். 5 சென்ரிமீற்றர் உயரத் தட்டு என்றால் 7 லீற்றர்தான் மிஞ்சும், போதாது.

பற்றரியைத் தட்டின் அடியில் நேரடியாக வைக்காமல் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளின் மேல் வையுங்கள். கசிவு கண்ணுக்குத் தெரியும். பற்றரியின் அடி அமிலத்தில் ஊறாது. பற்றரிகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் சூடு தணியும். தட்டில் துளையும் வேண்டாம், குழாயும் வேண்டாம். கானுக்குப் போகும் அமிலம் ஈயத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது.

மேலே எவ்வளவு திறப்பு

நிலையான பற்றரிகளின் பாதுகாப்புக்கான ஐ.ஈ.சி. 62485-2 என்ற சர்வதேச நியமத்தில் காற்றோட்டத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. இரண்டு 150 அம்பியர் மணி பற்றரிகளைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கிய அமைப்புக்கு அந்தக் கணக்கைப் போட்டால் மணித்தியாலத்துக்கு 1.8 கனமீற்றர் காற்று வேண்டும். அதற்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக, ஒவ்வொன்றும் 50 சதுர சென்ரிமீற்றர் திறப்பு வேண்டும். 10 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஒரு துவாரம் அது. இது குறைந்தபட்சம். நான் அதைவிட இரு மடங்கு வைக்கச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் வீடுகளில் துவாரத்தின் முன்னால் எப்படியும் ஒரு சாக்கு வந்து நிற்கும்.

ஐதரசன் காற்றை விட மிக இலேசானது, மேலே ஏறும். ஆகவே மேல் துவாரம் கூரையோடு ஒட்டியபடி இருக்க வேண்டும். கீழ்த் துவாரம் தட்டின் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் அமிலம் அதன் வழியே வெளியேறும். மேல் துவாரம் இன்னொரு அறைக்குள் அல்ல, வெளியே திறக்க வேண்டும். கதவு வலைக் கம்பியாலோ சட்டங்களாலோ இருந்தால் பிள்ளைகளையும் தடுக்கும், காற்றையும் விடும்.

இன்வேர்ட்டரைப் பற்றரிக்கு நேர் மேலே வைக்காதீர்கள். மேலே எழும் அமில ஆவி அதன் உட்பலகையை அரிக்கும். அதன் பொறி வாயுவைப் பற்றவைக்கும். பக்கவாட்டில் குறைந்தது அரை மீற்றர் தள்ளி வையுங்கள்.

ஒழுகுவதற்கு முன்னர்

பெரும்பாலான கசிவுக்குக் காரணம் உடைப்பு அல்ல. தண்ணீரை நிறைய ஊற்றுவதுதான். சார்ஜ் ஏறும்போது அமிலம் விரியும், குமிழி எழும்பும். குறைந்த சார்ஜில் இருக்கும்போது விளிம்பு வரை ஊற்றினால் நிரம்பும்போது மூடி வழியாக வழியும். உள்ளே உள்ள தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூடும் அளவுக்கு முதலில் ஊற்றுங்கள்; மீதியை முழுதாகச் சார்ஜ் ஏறிய பின்னர் குறி வரை ஊற்றுங்கள். ஊற்றுவது காய்ச்சி வடித்த நீராக மட்டுமே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.

அடுத்த காரணம் அதிக சார்ஜ். கடைகளில் இன்வேர்ட்டரின் அமைப்பு 25 பாகை செல்சியசுக்கு ஏற்றபடி வரும். படிக்கட்டின் கீழே பின்னேரத்தில் 35 பாகை இருக்கும். பாகைக்கு ஓர் அறைக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் என்று சார்ஜ் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பற்றரிக்கு அது ஏறத்தாழ கால் வோல்ட். இதைத் தானாகச் செய்ய சில இன்வேர்ட்டர்களுடன் வெப்பநிலை உணரி வயர் ஒன்று வரும்; பல வீடுகளில் அது பெட்டிக்குள் சுருட்டியபடியே கிடக்கிறது. பற்றரி வகையைத் தெரிவுசெய்யும் பொத்தான் டியூபிளருக்கா, மூடிய பற்றரிக்கா, லிதியத்துக்கா வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை டோர்ச் அடித்துப் பார்ப்பது போதும். முனைகளில் வெள்ளை அல்லது நீலப்பச்சைத் தூள், பக்கச் சுவரில் வீக்கம், முனை மேலே தள்ளியிருப்பது, ஒரு பற்றரி மட்டும் மற்றதை விடச் சூடாக இருப்பது, அழுகிய முட்டை மணம் ஆகியவை அறிகுறிகள். முட்டை மணம் வந்தால் அது ஐதரசன் சல்பைட்டு, நச்சு வாயு. சார்ஜை நிறுத்தி எல்லோரும் வெளியே போக வேண்டும்.

ஒழுகிவிட்டால்

முதலில் பிள்ளைகளை அகற்றி, கதவு ஜன்னலைத் திறவுங்கள். புகை பிடிக்க வேண்டாம், பற்றரிக்குப் பக்கத்தில் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். சற்றுத் தள்ளியிருக்கும் சோலர் துண்டிப்பானை முதலில் அணையுங்கள். வெயில் இருக்கும்வரை பனல் மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் அது முக்கியம். பிறகு பிரதான பலகையில் இன்வேர்ட்டருக்குப் போகும் இணைப்பை அணையுங்கள். பற்றரி முனையிலிருந்து வயரைப் பிடுங்காதீர்கள்.

கண்ணாடி, நீண்ட றப்பர் கையுறை, மூடிய சப்பாத்து ஆகியவற்றைப் போட்ட பிறகே கிட்டப் போங்கள். பரவும் திசையில் உலர்ந்த மணலால் அணை கட்டுங்கள். தண்ணீரை வீசிக் கழுவ வேண்டாம். ஒரு சதுர அடியில் கிடந்தது பத்துச் சதுர அடிக்குப் பரவும், பக்கத்து வீட்டுக்கும் போகும்.

அடுத்தது நடுநிலையாக்கல். குசினியில் இருக்கும் அப்பச்சோடா, பாடசாலைப் புத்தகத்தில் சோடியம் இருகாபனேற்று, இதற்குச் சரியான பொருள். ஆனால் அளவு முக்கியம். ஒரு லீற்றர் பற்றரி அமிலத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ சோடா தேவை. ஒரு கரண்டி தூவிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று நினைப்பது ஆபத்து. ஓர் அறை ஒழுகினால் இரண்டு கிலோ வேண்டும். பற்றரி உள்ள வீட்டில் மூன்று கிலோவை மூடிய வாளியில் பக்கத்திலேயே வைத்திருங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரு லீற்றர் அமிலம் நடுநிலையாகும்போது 200 லீற்றருக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளிவரும். படிக்கட்டின் கீழ் உட்கார்ந்து குனிந்து செய்ய வேண்டாம். நுரை எழும்புவது நின்ற பின் இன்னும் சிறிது தூவிப் பாருங்கள். நுரை வராவிட்டால் முடிந்தது. சந்தேகமென்றால் செவ்வரத்தம்பூவைக் கசக்கிய நீரில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். நல்ல சிவப்பாக மாறினால் அமிலம் இன்னும் இருக்கிறது.

சுடாத சுண்ணாம்புக் கல்லைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீறாத சுட்ட சுண்ணாம்பு மிகவும் கொதிக்கும். அதைத் தொட வேண்டாம். மரத்தூளும் வேண்டாம். எல்லாவற்றிலும் கொடியது வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் அல்லது குளோரின் தூள். அமிலத்துடன் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சுத்தமாக்குகிறேன் என்று அதை ஊற்றுபவர் நுரையீரலைப் பணயம் வைக்கிறார்.

உடம்பில் பட்டால் சோடா போடக்கூடாது. நனைந்த உடுப்பைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே 20 நிமிடம். அந்தத் தண்ணீர்தான் பார்வையைக் காப்பாற்றும். கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்கட்டும். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்.

பழைய பற்றரி எங்கே போகிறது

நடுநிலையாக்கிய சேற்றிலும் ஈயம் இருக்கும். அதைத் தடித்த பொலித்தீன் பைகளில் கட்டி, பழைய பற்றரியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி பாவித்த ஈய அமில பற்றரி பட்டியலிடப்பட்ட கழிவு. அதைச் சேகரிப்பவருக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும்.

நடப்பில், பழைய இரும்பு எடுப்பவர் வீட்டு வாசலிலேயே மூடியைத் திறந்து அமிலத்தைக் கானில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவருக்குச் சுமை குறைகிறது. ஆனால் அதே கானோரத்தில்தான் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள், பந்து அதற்குள்தான் விழுகிறது. செனகல் நாட்டின் டக்கார் நகரை அண்டிய தியாரோய் சூர் மேர் என்ற இடத்தில் வீட்டுப் புறங்களில் பற்றரி உடைத்து ஈயம் எடுத்ததால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கேயும் அது குடும்பங்களின் வருமானமாகத்தான் தொடங்கியது.

புதிதாக வாங்குபவர்கள் காசு இருந்தால் லிதியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரியை யோசிக்கலாம். அதில் ஒழுகுவதற்கு அமிலம் இல்லை. பழைய இன்வேர்ட்டர் அதற்குப் பொருந்துமா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஈய அமில பற்றரியையே மறுபடி வாங்குவதாக இருந்தால், விலை பேசும்போதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கீழ்த்தட்டோடு பொருத்தித் தருவீர்களா, பழையதை அமிலத்தோடு, நிமிர்த்தியபடியே எடுத்துப் போவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் கடைக்குச் சில ஆயிரம் ரூபா கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.